காவலரைக் காப்பவை மூன்று: நேரம், தூரம், துணை

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் செல்லும் சாலையில் மாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நள்ளிரவுக்குப் பிறகு அதே சாலை வேகம் பிடித்துவிடும். அந்நேரத்தில் பேரிகார்டுகளை இழுத்துப் போட்டு, இரண்டு மூன்று காவலர்கள் வண்டி செக்கிங் செய்வது தாம்பரம் வட்டாரத்தில் பழகிய காட்சி. அவர்களுடைய உயிர் ஒரு சிறிய கணக்கில் அடங்கியிருக்கிறது.

60 கி.மீ. வேகத்தில் வரும் கார், நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். எதிரே ஆள் நிற்பதை உணர்ந்து ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆக, 45 மீட்டர். வேகம் 80 ஆனால் இது 70 மீட்டரை நெருங்கும். இருட்டில் காக்கிச் சட்டை அவ்வளவு தொலைவிலிருந்து கண்ணில் படுவது கடினம். ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் நுண்மணிகள் பதித்த பட்டை, சட்டைக்கு மேல் இருந்தால் படும். பணியில் உயிரிழக்கும் காவலர்களில் விபத்தில் இறப்பவர்களே அதிகம் என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றன. ஆகவே அந்தப் பட்டையும் ஓர் உயிர்க்கவசம்தான்.

ஆனால் எல்லா மரணங்களும் விபத்தல்ல. 2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடிப் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லநாடு அருகே ரவுடி ஒருவரைப் பிடிக்கச் சென்ற காவலர் சுப்பிரமணியன், நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். 2021 பிப்ரவரியில் ஏரல் உதவி ஆய்வாளர் பாலு, சரக்கு வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். அந்த நவம்பரில் ஆடு திருடர்களைத் துரத்திச் சென்ற நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், கீரனூர் அருகே அவர்களை மடக்கிவிட்டு உதவிக்குக் காத்திருந்த வேளையில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஆகஸ்டில் உடுமலை அருகே ஒரு தோட்டத்தில் தந்தை, மகன் சண்டையை விலக்கப்போன குடிமங்கலம் சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேலும் அரிவாளுக்குப் பலியானார். தாம்பரம் காவல் ஆணையரக எல்லையிலேயே, 2023 ஆகஸ்ட் 1 அதிகாலை கூடுவாஞ்சேரி அருகே காரணைப்புதுச்சேரியில், வாகனச் சோதனையின்போது ஓர் உதவி ஆய்வாளரின் கையில் வெட்டு விழுந்தது. காரில் வந்தவர்கள் தாக்கியதால் சுட்டதாகக் காவல் துறை கூறியது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் அவர்களில் இருவர் இறந்தனர்.

இடமும் ஆயுதமும் வேறு வேறு. ஆனால் பலவற்றில் ஒன்று பொது. ஆபத்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் போதிய ஆள் இல்லை.

தூரம் ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் காவல் பயிற்றுநராக இருந்த டென்னிஸ் டுவல்லர் இதை அளந்து பார்த்து 1983-ல் எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியைக் கடக்க ஒன்றரை நொடி போதும். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே ஒன்றரை நொடி தேவைப்படுகிறது. 21 அடிக்குள் வந்தவரைச் சுட்டுவிடலாம் என்று இதைத் திரித்துச் சொல்பவர்கள் உண்டு. அது தவறு. விலகி நில், இடையில் ஒரு ஜீப்பையோ சுவரையோ வைத்துக்கொள் என்பதே அந்தச் சோதனை தரும் பாடம்.

மூளையும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். எதிர்பார்த்திருக்கும் ஒரே ஒரு சைகைக்கு நம் கை கால் நொடியில் கால் பங்கில் அசைந்துவிடும். லத்தியா, துப்பாக்கியா, பின்வாங்குவதா என்று தேர்வுகள் கூடக் கூட முடிவும் தாமதமாகும். உளவியலாளர் ஹிக் 1952-ல் காட்டிய விதி இது. அட்ரினலின் பாயும்போது கவனம் ஒரே புள்ளியில் குவிந்து, பக்கவாட்டில் நடப்பது பதியாமல் போகலாம். அங்கேதான் துணைக்கு நிற்கும் இன்னொரு ஜோடிக் கண்களின் அருமை.

கவச உடை போதாதா என்று கேட்கலாம். 1965-ல் டூபாண்ட் நிறுவனத்தின் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் இழை, கோல் வலை பந்தை வாங்கிக்கொள்வதுபோல, குண்டின் விசையைப் பரப்பித் தாங்குகிறது. கத்தியின் கூர்முனையோ இழைகளை விலக்கியும் அறுத்தும் உள்ளே போய்விடும். அதைத் தடுக்க மிக நெருக்கமான நெசவோ உலோக வளையங்களோ வேண்டும். அப்படியே அணிந்தாலும் கழுத்தும் தலையும் கைகளும் வெளியேதான் இருக்கும். அரிவாள் தேடுவதும் அவற்றைத்தான்.

கவசத்தைவிட மலிவான பாதுகாப்பு, தூக்கம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பே 0.03 சதவீதம். இந்தியக் காவலர்கள் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்றது காமன் காஸ், லோக்நீதி அமைப்புகளின் 2019 அறிக்கை. பந்தோபஸ்து முடித்த கையோடு நைட் ரவுண்ட்ஸுக்கு அனுப்பப்படும் ஏட்டு, தான் ஊதச் சொல்லி மடக்குபவரைவிட மந்தமான நிலையில் இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 2021-ல் அறிவிக்கப்பட்ட வார விடுப்பைச் சலுகையாகப் பார்க்கக் கூடாது. அது ஒரு பாதுகாப்புச் சாதனம். ஒவ்வொரு காவலருக்கும் ஒவ்வொரு வாரமும் கிடைத்தே ஆக வேண்டும்.

தூக்கத்தைப் போலவே பயிற்சியும் உயிர் காக்கும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரக் காவல் துறையில், பதற்றத்தைப் பேச்சால் தணிப்பது, விலகி நின்று நேரம் வாங்குவது, கூடுதல் ஆள் வரும்வரை பொறுப்பது ஆகியவற்றைக் கற்பித்த ஒரு பயிற்சியை ஆய்வு செய்தார்கள். அதன் பிறகு, காவலர்கள் பலத்தைப் பயன்படுத்தியது 28 சதவீதமும், பொதுமக்கள் காயமடைவது 26 சதவீதமும் குறைந்தன. காவலர்கள் காயமடைவது 36 சதவீதம் குறைந்தது. காவலரின் உயிரும் குடிமகனின் உரிமையும் எதிரெதிர்த் தட்டுகளில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. இரவில் ஒருவரைத் தனியாக அனுப்பக் கூடாது. செக்கிங் நடக்கும் இடத்துக்குப் போதிய தூரம் முன்பே ஒளிரும் எச்சரிக்கை வேண்டும். குடும்பச் சண்டை என்று வரும் அழைப்பைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. நம் பங்கும் உண்டு. 100-க்கோ 112-க்கோ அழைக்கும்போது எத்தனை பேர், யாரேனும் குடித்திருக்கிறார்களா, கையில் ஆயுதம் உண்டா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பேரிகார்டைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்துங்கள். அழைப்புக்கு வரும் காவலருக்கும் பேரிகார்டருகே நிற்கும் காவலருக்கும் நாம் தரக்கூடியது சில நொடிகள்தான். அவை வீடு திரும்பப் போதுமான நொடிகள்.