குற்ற வரலாறும் வர்ணனையும்

செய்தித்தாளைக் கையில் எடுத்தவுடன் பலரும் முதலில் தேடுவது குற்றச் செய்திகளையே. கற்பனைத் துப்பறியும் கதையைவிட, உண்மையில் நடந்த வழக்கின் வரலாறு நம்மை இறுகப் பிடித்துக்கொள்வது ஏன்? நிகழ்ச்சி மட்டும் காரணமன்று. அதைக் கண்முன் நிறுத்தும் நுண்ணிய வர்ணனையும் காரணமாகும்.

வர்ணனை என்பது அடைமொழிகளை அடுக்குவதன்று. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் தோழி, "பஸ்ஸில் பயங்கரக் கூட்டம்" என்றால் கேட்டு மறந்துவிடுவோம். "காவிரிப் பாலம் வருவதற்குள் படியிலும் இடமில்லை, என் சாப்பாட்டுப் பையை யாரோ ஒரு பாட்டி மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்" என்றால், அந்தப் பஸ்ஸில் நாமும் ஏறிவிடுகிறோம்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் மீது சுமத்தப்பட்டது திருட்டுக் குற்றம். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். இந்தச் சிறு விவரமே பாண்டியனின் தீர்ப்பைப் பொய்யாக்கியது. நல்ல விவரம் அழகுக்காக மட்டும் வருவதில்லை. அதுவே சாட்சியாகவும் நிற்கிறது.

இனி, நம் திருச்சியோடு தொடர்புடைய உண்மை வழக்கு ஒன்றைக் காண்போம். திருச்சியில் வளர்ந்து, இங்கேயே நாடக மேடை ஏறியவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் அவரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாயினர்.

"சென்னையில் ஒரு பத்திரிகையாளர் குத்திக் கொல்லப்பட்டார்" என்று எழுதினால் அது வெறும் செய்தி. இப்படி எழுதிப் பார்ப்போம்: 1944 நவம்பர் 8. வேப்பேரி. வழக்கறிஞர் ஒருவரின் வீட்டிலிருந்து கை ரிக்‌ஷாவில் திரும்புகிறார் லட்சுமிகாந்தன். வழியில் கத்திக்குத்து. குத்துப்பட்டவர் மீண்டும் அந்த வழக்கறிஞரின் வீட்டுக்கே போய்ச் சேருகிறார். அங்கிருந்து மருத்துவமனை. மறுநாள் உயிர் பிரிகிறது.

இதில் இரத்த வர்ணனை ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் 'கை ரிக்‌ஷா' என்ற ஒரு சொல் அந்தக் காலத்தையும், மனிதன் இழுக்கும் வண்டியின் வேகத்தையும், தப்பியோட இயலாத நிலையையும் உணர்த்திவிடுகிறது.

மற்றொரு விவரம். 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவற்றுள் இரண்டு தீபாவளிகளின்போது அதன் கதாநாயகர் சிறையில் இருந்தார். 'ஐயோ பாவம்' என்று ஆசிரியர் எழுத வேண்டியதில்லை, படிப்பவரே உணர்ந்துகொள்வார்.

1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டை மறுபடி விசாரித்து, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. கலைவாணர் திரையில் மீண்டும் வெற்றி கண்டார். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. 1959-இல் தம் 49-ஆம் வயதில் மறைந்தார். இன்று திருச்சியில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது.

தோழியரே, இவ்வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. லட்சுமிகாந்தனும் விவரங்களை எழுதியே பத்திரிகை விற்றவர். நடிகர் நடிகையரின் அந்தரங்கமே அவருடைய சரக்கு. ஆவலைத் தூண்டும் விவரம் எல்லாம் உண்மையான விவரம் ஆகிவிடாது. அமெரிக்காவில் ட்ரூமன் கபோட்டி, ஒரு குடும்பத்தின் கொலையைப் பற்றி 1966-இல் நூல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். ஆனால் அந்நூலின் இறுதிக் காட்சி நடந்ததன்று, கற்பனை எனப் பின்னர் தெரியவந்தது. அது நூலின் மற்றப் பக்கங்கள் மீதும் ஐயத்தை ஏற்படுத்தியது.

குற்ற வரலாற்றில் வருபவர்கள் கதைமாந்தர் அல்லர். இறந்தவருக்கும் தாய் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் குழந்தைகள் உண்டு. ஆகவே எழுதுபவர் ஒவ்வொரு விவரத்தையும் மும்முறை உரசிப் பார்க்க வேண்டும்: இது உண்மையா? வழக்கைப் புரிந்துகொள்ள உதவுகிறதா? யாரையேனும் வீணே புண்படுத்துகிறதா? படிக்கும் நாமும் அவ்வாறே கேட்போமாக. முத்தா, மாணிக்கமா என்று பாராமல் அளித்த தீர்ப்பு ஓர் உயிரைப் பறித்ததை நாம் மறக்கலாகாது.

— பத்தாம் வகுப்பு மாணவி