வீட்டிலேயே பாட்டு பதிவு செய்ய: எந்த ஆடியோ இன்டர்பேஸ் வாங்கலாம்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் வரும் ஆசை, தங்கள் குரலை அதில் பதிவு செய்து கேட்பது. பாட்டு கற்றுக் கொள்ளும் மகளுக்காக, வீணை வாசிக்கும் அம்மாவுக்காக, கதை சொல்லும் தாத்தாவுக்காக என்று காரணங்கள் பல. உடனே ஒரு மைக் வாங்கி, கம்ப்யூட்டரின் பின்புறம் உள்ள பிங்க் நிற துளையில் செருகி, பாடிப் பதிவு செய்து கேட்டால், பாட்டோடு சேர்ந்து 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் வரும். மைக் சரியில்லை என்று நினைத்து வேறு மைக் வாங்குவார்கள். அதிலும் அதே 'உஸ்ஸ்'. பெரும்பாலும் தவறு மைக்கில் இல்லை, அது செருகப்பட்ட துளையில்தான் இருக்கிறது.

பிங்க் துளையில் என்ன குறை?

மைக்கிலிருந்து வரும் மின் சைகை மிகவும் சிறியது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்கு போட்டால் அதில் சில பங்குதான் இருக்கும். அதைப் பல நூறு மடங்கு பெரிதாக்க வேண்டும். இதைச் செய்யும் பகுதிக்கு பிரீஆம்ப் என்று பெயர். பிறகு அதை எண்களாக மாற்றி கம்ப்யூட்டருக்குத் தர வேண்டும். மதர்போர்டில் இந்த இரண்டு வேலைகளையும் ஒரு சிறிய சிப் பார்த்துக் கொள்கிறது. அருகிலேயே பிராசசர், பவர் சப்ளை, ஃபேன் மோட்டார் என்று மின் இரைச்சல் கிளப்பும் கூட்டமே இருக்கிறது. குரலைப் பெரிதாக்கும்போது இந்த இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிறது. வீடியோ காலில் பேச இது போதும். பாட்டுக்குப் போதாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டுடியோக்களில் பயன்படும் கண்டன்சர் மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். இதை பேன்டம் பவர் என்பார்கள். மைக் கேபிள் வழியாகவே இது மைக்குக்குப் போகும். பிங்க் துளை தருவது சில வோல்ட் மட்டுமே. ஆன்லைன் கடைகளில் பெரிய கண்டன்சர் மைக்கும், பிங்க் துளையில் செருகும் கேபிளும் சேர்ந்து மலிவாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மைக் சுத்தமாக வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். அரைப் பட்டினியில் வேலை செய்யும்.

2006ல் எங்கள் பாட்டி பாடிய தாலாட்டுகளை நான் பதிவு செய்தது இந்தப் பிங்க் துளை வழியாகத்தான். ஒன்பது பாடல்கள். பாட்டி இப்போது இல்லை. இரைச்சல் நீக்கும் சாப்ட்வேர்கள் பலவற்றில் அந்த ஃபைல்களைப் போட்டுப் பார்த்துவிட்டேன். இரைச்சலை எடுத்தால் கூடவே குரலின் ஈரமும் போய்விடுகிறது. பதிவு செய்யும்போது கெட்டதைப் பிறகு சரி செய்வது மிகவும் கடினம்.

இந்தப் பிரீஆம்பையும், எண்ணாக மாற்றும் பகுதியையும் கம்ப்யூட்டருக்கு வெளியே எடுத்து ஒரு தனிப் பெட்டியில் வைத்தால் அதுதான் ஆடியோ இன்டர்பேஸ். மேஜை மேல் வைத்து, யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டருடன் இணைக்க வேண்டும். முன்பக்கம் மைக் துளை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், ஹெட்போன் துளை. பின்பக்கம் ஸ்பீக்கர் துளைகள். சிறிய இன்டர்பேஸ்களுக்குத் தனி அடாப்டர் தேவையில்லை, யு.எஸ்.பி. மின்சாரமே போதும்.

ஒரே நேரத்தில் எத்தனை மைக்?

கடைக்குப் போகும் முன் உங்களையே கேட்டுக் கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. நீங்கள் மட்டும் பாடப் போகிறீர்களா? ஒரு மைக் துளை போதும். நீங்கள் பாட, தம்பி மிருதங்கம் வாசிக்க, இரண்டையும் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்ய வேண்டுமா? இரண்டு மைக் துளைகள் வேண்டும். ஒரே மைக்கை நடுவில் வைத்து இரண்டையும் எடுத்துவிட்டால், மிருதங்கம் மட்டும் தூக்கலாக இருக்கிறது, குறைக்கலாம் என்று பிறகு நினைத்தால் முடியாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் '2 இன்புட்' என்று போட்டிருக்கும். அது இரண்டு மைக் என்று பொருள் அல்ல. உதாரணமாக போகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் சோலோவில் இரண்டு இன்புட்கள் உண்டு. ஆனால் ஒன்றுதான் மைக்குக்கு. மற்றது எலக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு போன்றவற்றுக்கு. பெஹ்ரிங்கர் யு.எம்.சி.22ம் இதே ரகம். இரண்டு மைக் வேண்டுமானால் அதே நிறுவனங்களின் ஸ்கார்லெட் 2ஐ2, யு.எம்.சி.202எச்.டி. ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எனவே இன்புட் எத்தனை என்று கேட்காதீர்கள். மூன்று முள் மைக் கேபிளைச் செருகும் துளை எத்தனை என்று கேளுங்கள். இந்த வகைக்கு எக்ஸ்.எல்.ஆர். என்று பெயர்.

வீணையிலோ வயலினிலோ ஒட்டும் பிக்கப் வைத்திருப்பவர்கள், 'இன்ஸ்ட்' என்று எழுதிய துளையோ பட்டனோ இருக்கிறதா என்று பார்க்கவும். பிக்கப்பை நேராக மைக் துளையில் செருகினால் ஒலி மெலிந்து, தகரம் போல் கேட்கும்.

நான்கு, எட்டு மைக் துளைகள் உள்ள பெட்டிகளும் உண்டு. வீட்டில் முழுக் கச்சேரியும் நடக்கும் என்றால் தவிர அவை வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மைக் வாங்கலாம்.

பிரீஆம்ப் எவ்வளவு பெரிதாக்கும்?

இதை 'கெயின்' என்று டெசிபல் கணக்கில் தந்திருப்பார்கள். கண்டன்சர் மைக்குக்கு 50 டெசிபலே தாராளம். டைனமிக் மைக் என்றால் கதை வேறு. அது தரும் சைகை சிறியது. ஷூர் எஸ்.எம்.7பி என்ற பிரபலமான மைக்குக்கு 60 டெசிபலாவது வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். 2023ல் வந்த நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோ தருவது 57 டெசிபல், 2ஐ2 தருவது 69 டெசிபல். வாங்கப் போகும் மைக்கையும் இன்டர்பேஸையும் இப்படி ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வீடுகளுக்கு எந்த மைக்? தெருவில் ஆட்டோ, பக்கத்து வீட்டில் மிக்ஸி, மேலே மின்விசிறி. கண்டன்சர் இவை எல்லாவற்றையும் அக்கறையோடு பதிவு செய்யும். வாய்க்கு அருகில் வைத்துப் பாடும் டைனமிக் மைக் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. ஆனால் வீணை, புல்லாங்குழல் போன்றவற்றின் நுணுக்கம் கண்டன்சரில்தான் நன்றாக விழும்.

192 என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்

விளம்பரங்களில் '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். இதில் 24 பிட் அவசியம். குரலைக் கொஞ்சம் தணிவாகப் பதிவு செய்து பிறகு கூட்டினாலும் இரைச்சல் வராமல் இருக்க இது உதவுகிறது. மேல் ஸ்தாயியில் குரல் திடீரென்று உயரும்போது பதிவு உடைந்து போகாமல் இருக்க, இப்படித் தணிவாகப் பதிவு செய்வது நல்லது.

192 கிலோஹெர்ட்ஸ் அப்படி அல்ல. மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். அதைப் பதிவு செய்ய அதைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தால் போதும். சி.டி.க்கு 44.1 என்று வைத்தது அதனால்தான். 24 பிட்டில் ஒரு மைக்கை 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் 520 எம்.பி. இடம் பிடிக்கும். அதையே 192ல் செய்தால் 2 ஜி.பி.க்கு மேல். ஹார்ட் டிஸ்க் நிறையும், காதுக்கு லாபம் இல்லை.

டிரைவர் சாப்ட்வேர்: யாரும் கேட்காத கேள்வி

பதிவு செய்த தம்புரா சுருதியை ஹெட்போனில் கேட்டுக் கொண்டே பாடுகிறீர்கள். உங்கள் குரல் மைக்கில் நுழைந்து, கம்ப்யூட்டருக்குள் சுற்றிவிட்டு, மீண்டும் ஹெட்போனுக்கு வர நேரம் ஆகும். இந்தத் தாமதத்தை லேட்டன்சி என்பார்கள். மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் ஒலி பாடகரை அடைய 6 மில்லி செகண்ட் ஆகிறது. அது யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் பஃபர் அளவு 1024 என்று இருந்தால் போகும் வழியில் 23, வரும் வழியில் 23 மில்லி செகண்ட். தாளம் தள்ளாடும். 128 என்று வைத்தால் ஒவ்வொரு வழிக்கும் 3 மில்லி செகண்ட்தான். டிரைவர் சரியில்லாவிட்டால் இந்தச் சிறிய அளவில் 'டப், டப்' என்று ஒலி விட்டுவிட்டு வரும்.

விண்டோஸில் இதைச் சமாளிக்க, ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997ல் கொண்டு வந்த ஏ.எஸ்.ஐ.ஓ. என்ற முறை உண்டு. நீங்கள் வாங்கும் இன்டர்பேஸுக்கு அதன் தயாரிப்பாளரே எழுதிய ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் இருக்கிறதா, உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அது பொருந்துமா என்று அவர்கள் வெப்சைட்டில் வாங்கும் முன்பே பாருங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

'டைரக்ட் மானிட்டர்' என்ற பட்டனும் இருக்கட்டும். அதை அழுத்தினால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். தனியாகப் பாடுபவர்களுக்கு இதுவே போதும்.

பழைய பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்று பயர்வயர் வகை இன்டர்பேஸை வாங்கிவிடாதீர்கள். இன்றைய கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட் கிடையாது. நேராக யு.எஸ்.பி.யில் செருகும் மைக்குகள் பேச்சுக்குப் பரவாயில்லை. ஆனால் நாளை இரண்டாவது மைக் வேண்டும் என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். பட்ஜெட் போடும்போது மைக் கேபிள், ஸ்டாண்டு, காதை மூடும் ஹெட்போன் இவற்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பதிவு செய்ய ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது.

வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை செய்யவும். மைக்கைச் செருகி, கெயின் குமிழைப் பாதி வரை திருப்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். 'ம்ம்ம்' என்ற சத்தம் வந்தால், லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மீண்டும் பதிவு செய்யவும். சத்தம் நின்றுவிட்டால் குறை வீட்டு எர்த்திங்கிலோ சார்ஜரிலோ இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நிற்காவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால், திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் இன்டர்பேஸைக் கடையில் மாற்றிக் கொள்ளுங்கள்.