பிழை எவர் பக்கம்? — சில்லு வணிகத்தில் இரு நிறுவனங்களின் வரலாறு

ஒரு நிறுவனம் நட்டமுறும்போது அதிற் பணம் இட்டோர் இரு கேள்விகளை எழுப்புவர். நிருவாகம் தவறியதா, போட்டியாளன் முறைகேடு செய்தானா என்பனவே அவை. முன்னது உண்மையாயின் நிருவாகிகளை மாற்றுதல் வேண்டும். பின்னது உண்மையாயின் நீதிமன்றை நாடுதல் வேண்டும். இவ்விரண்டனுள் எது காரணமெனத் துணிதல் எத்துணை அரிது என்பதற்கு, அமெரிக்க நாட்டின் ஏ. எம். டி., இன்ரெல் என்னும் இரு நிறுவனங்களின் வரலாறு தக்க சான்றாகும். அதனை மாணவரும் பழைய மாணவரும் எளிதில் விளங்குமாறு எடுத்துரைத்தலே எமது நோக்கம்.

சில்லு என்றதும் நம் நாட்டவர் வண்டிச் சில்லையே நினைப்பர். ஈண்டு யாம் கூறுவது, சிலிக்கன் என்னும் மூலகத்தின் மெல்லிய தகட்டில் நுண்ணிய மின்சுற்றுக்களைப் பதித்து ஆக்கப்படும் கணினிச் சில்லை. கணினியின் மூளை எனத் தகுவது இதுவே. இதனை ஆக்கும் ஆலை ஒன்றை எழுப்பப் பல நூறு கோடி டொலர் வேண்டும். விற்பனை குறையின் ஆலைச் செலவைத் தாங்க இயலாது. அடுத்த தலைமுறைச் சில்லை ஆராயப் பணமும் இராது. எனவே இன்று இழந்த விற்பனை நாளைய ஆற்றலையும் குறைத்துவிடும். இத்தொழிலின் இயல்பு இதுவாதலை வாசகர் நினைவிற் கொள்க.

இன்ரெல் 1968 இல் ரொபேட் நொய்ஸ், கோர்டன் மூர் என்பாரால் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் ஜெரி சாண்டர்ஸ் என்பாரும் வேறு எழுவரும் ஏ. எம். டி.யைத் தொடங்கினர். 1981 இல் ஐ. பி. எம். நிறுவனம் தன் சிறு கணினிக்கு இன்ரெலின் சில்லைத் தெரிந்தெடுத்தது. ஆயினும் ஒரே விற்பனையாளனை நம்பியிருக்க அது விரும்பவில்லை. ஆதலின் 1982 இல் இன்ரெலும் ஏ. எம். டி.யும் ஓர் உடன்படிக்கை செய்தன. இன்ரெலின் சில்லுகளை ஏ. எம். டி.யும் ஆக்கலாயிற்று. பின்னர் 386 என்னும் சில்லின் விவரங்களை அளிக்க இன்ரெல் மறுத்தது. பிணக்கு நடுவரிடம் சென்றது. 1992 இல் நடுவர் ஏ. எம். டி.க்குச் சார்பாகத் தீர்த்தார்; 1994 இல் கலிபோர்ணியா உயர்நீதிமன்றமும் அதனை நிலைநாட்டியது. அதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிட்டன.

2003 இல் ஏ. எம். டி. ஒரு பெரும் பாய்ச்சல் பாய்ந்தது. பழைய செயல்நிரல்களையும் இயக்கவல்ல 64 பிற்றுச் சில்லை அது வெளியிட்டது. இன்ரெலோ, புதிய செயல்நிரல்களை வேண்டிநின்ற இற்றேனியம் என்னும் வேறொரு வழியை முன்வைத்திருந்தது. எனினும் 2004 இல் தானும் ஏ. எம். டி.யின் வழியையே பின்பற்றியது. சரக்கு நன்று, பகைவனே பின்பற்றும் அளவிற்கு நன்று. அங்ஙனமாயின் விற்பனை ஏன் அதற்கேற்பப் பெருகவில்லை? 2005 இல் ஏ. எம். டி. அமெரிக்க நீதிமன்றில் வழக்குத் தொடுத்தபோது அளித்த விடை, இன்ரெல் வழங்கிய நிபந்தனைக் கழிவு என்பதாகும்.

இக்கழிவின் சூழ்ச்சியை ஒரு கணக்கினால் விளக்குவோம். கணினி செய்வோன் ஒருவனுக்கு 100 சில்லுகள் வேண்டும் எனக் கொள்வோம். பெரிய நிறுவனத்தின் விலை சில்லொன்றிற்கு 100 ரூபா. நூறையும் தன்னிடமே வாங்கினால் ஒவ்வொன்றிற்கும் 10 ரூபா கழிவு என்கிறது அது. அப்போது மொத்தச் செலவு 9,000 ரூபா. அவன் 40 சில்லுகளைச் சிறிய நிறுவனத்திடம் வாங்க எண்ணினால், எஞ்சிய 60க்கும் கழிவு போய்விடும். அவற்றிற்கே 6,000 ரூபா ஆகும். எனவே சிறிய நிறுவனம் தன் 40 சில்லுகளையும் 3,000 ரூபாவிற்கு, அஃதாவது ஒன்றை 75 ரூபாவிற்குக் கொடுத்தாலன்றிப் போட்டியிட இயலாது. அவன் மாற்றக்கூடியவை 10 சில்லுகளே ஆயின், எஞ்சிய 90க்கும் 9,000 ரூபா ஆகிவிடும். சிறிய நிறுவனம் தன் சரக்கை இலவசமாகவே கொடுத்தல் வேண்டும்!

இது வெறுங் கணக்கன்று. ஏ. எம். டி. ஒரு கணினி நிறுவனத்திற்குப் பத்து இலட்சம் சில்லுகளை இலவசமாகத் தர முன்வந்தபோதும், அந்நிறுவனம் 1,60,000 சில்லுகளையே ஏற்றுக்கொண்டது என்பதை ஐரோப்பிய ஆணைக்குழு எடுத்துக்காட்டியது. அவ்வாணைக்குழு 2009 மே மாதத்தில் இன்ரெலுக்கு 106 கோடி யூரோ தண்டம் விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் இன்ரெல் 125 கோடி டொலர் கொடுத்து ஏ. எம். டி.யுடன் இணங்கிக்கொண்டது.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். பங்குதாரர் சிலர் நிருவாகத்தையே குறை கூறினர். அவர் கூற்றிலும் வலுவுண்டு. 2006 இல் ஏ. எம். டி., ஏறத்தாழ 540 கோடி டொலருக்கு ஏ. ரி. ஐ. என்னும் நிறுவனத்தை வாங்கியது. அதன் மதிப்பிற் பெரும்பகுதியைப் பின்னர் நட்டமாக எழுதித் தள்ள நேர்ந்தது. 2007 இல் வந்த பார்சிலோனா என்னும் சில்லு காலந்தாழ்ந்ததோடு பிழையுடனும் வந்தது. சொந்த ஆலை வைத்திருத்தலையே ஆண்மையெனப் பேசியவர் சாண்டர்ஸ். ஆயினும் 2009 இல் ஆலைகள் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டன. 2011 இல் வெளியான புல்டோசர் என்னும் சில்லு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2015 இல் பங்கின் விலை இரண்டு டொலருக்கும் கீழே வீழ்ந்தது. பிள்ளைகளின் படிப்பிற்கும் முதுமைக்குமெனச் சேர்த்த பணத்தை இதில் இட்டோருக்கு இவ்விவாதம் வெறும் அறிவுப் பொழுதுபோக்காய் இருந்திராது.

அவ்வாறாயின் பிழை எவர் பக்கம்? காலத்தைப் பிரித்து நோக்கினால் விடை ஓரளவு தெளிவாகும். சரக்கு நன்றாயிருந்தும் சந்தைக் கதவு திறவாத காலம், 2003 முதல் 2006 வரையிலான காலம். அங்கே போட்டியாளனின் தந்திரத்தை ஆராய்தல் முறை. சரக்கே தாழ்ந்திருந்த காலம், 2011இற்குப் பிற்பட்ட காலம். அங்கே நிருவாகத்தையே வினாவுதல் முறை. ஆனால் முற்காலத்தில் வரவேண்டிய வருவாய் வந்திருப்பின், பிற்காலத்து ஆராய்ச்சி வளம் பெற்றிருக்கும் என்பதையும் மறுத்தல் அரிது. ஒரு காரணம் மற்றொன்றிற்குத் தாயாதலின் முற்றாகப் பிரித்தல் இயலாது.

பின்னர் நிகழ்ந்தது மேலும் சிந்தனைக்குரியது. 2014 இல் லிசா சூ அம்மையார் தலைமை ஏற்றார். 2017 இல் சென் என்னும் புதிய அமைப்பிலான சில்லுகள் வெளிவந்தன. 2019 முதல் முதன்மைச் சில்லுகள் தாய்வான் நாட்டு ஆலையிற் செய்யப்பட்டன. அதே காலத்தில் இன்ரெல் தன் 10 நனோமீற்றர் முறையிற் பல ஆண்டுகள் பிந்தியது. 2022 இல் ஏ. எம். டி.யின் சந்தை மதிப்பு இன்ரெலினதை விஞ்சியது. அன்று ஆலைகளைப் பிரித்தமை பழிக்கப்பட்டது. பிறர் ஆலையை நாட அதுவே வழிவகுத்தது. உடனடிப் பயனைக் கொண்டு மட்டும் ஒரு முடிவை அளத்தல் தகாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நீதியின் நடையோ மெதுவானது. 2009 இல் விதித்த தண்டத்தை 2022 இல் ஐரோப்பியப் பொது நீதிமன்று நீக்கியது. நிபந்தனைக் கழிவு போட்டியைக் கெடுத்ததென்பது போதியவாறு நிறுவப்படவில்லை என்றது. 2023 இல், கணினி நிறுவனங்களுக்குப் பணங்கொடுத்துப் போட்டிச் சரக்கைத் தடுத்தமைக்காக மட்டும் ஆணைக்குழு 37 கோடி 60 இலட்சம் யூரோவை மீண்டும் விதித்தது. 2024 ஒக்டோபரில் உச்ச மன்று, கழிவு பற்றிய ஆணைக்குழுவின் முறையீட்டைத் தள்ளியது. பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அறிஞர் ஒருமுகப்படவில்லை.

ஆகவே பணமிடுவோர் அறியத்தக்கது இது. நீதிமன்றம் நட்டஈடு தரலாம். இழந்த காலத்தைத் தராது. நிருவாகமும் எதிரியின் முறைகேட்டைச் சாட்டித் தன் பிழையை மறைத்தல் ஆகாது. பங்குதாரரும் நிருவாகத்தின் பிழையைக் காட்டி முறைகேட்டை மன்னித்தல் ஆகாது. இரண்டையும் ஒருங்கே நோக்கி, ஒவ்வொன்றிற்கும் உரிய எடையை இடுவோரே சீர்தூக்கும் ஆற்றலுடையோர். கணக்கும் வரலாறும் கற்பிக்கும் நம் வகுப்பறைகள் இளைஞர்க்கு ஊட்டவேண்டிய பயிற்சியும் அதுவே என்பது எமது துணிபு.