காக்கிக்குள் மனிதர்கள் – 7: ஏழாவது நாள் யாருடையது?

2021 ஜூலை இறுதியில், அப்போதைய தமிழக டிஜிபி சைலேந்திர பாபு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். ஓய்வு நாளிலும் விரும்பி வேலைக்கு வந்தால் மிகைநேர ஊதியம் உண்டு. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் விடுமுறை. அன்று மைக்கில் வாழ்த்தும் சொல்ல வேண்டும். உத்தரவுகளை மட்டுமே கேட்டுப் பழகிய வாக்கிடாக்கியில் தன் பெயருக்கு ஒரு வாழ்த்து வருவது, பிள்ளையின் காதுகுத்துக்கு லீவு கேட்டுக் கையைப் பிசைந்து நின்ற ஏட்டுக்குச் சின்ன விஷயமில்லை.

உத்தரவு நல்லதுதான். ஆனால் அதை நிறைவேற்ற ஸ்டேஷனில் ஆள் வேண்டுமே. ஒருவர் பாராவில் நிற்பார், இன்னொருவர் கோர்ட்டில். ஒருவர் சம்மனோடு வெளியூர் போயிருப்பார், மற்றொருவர் கைதியோடு ஆஸ்பத்திரியில். மிச்சம் இருப்பவர்தான் நைட் ரவுண்ட்ஸ் போக வேண்டும். விடிந்தால் தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்கும் அவரேதான். இன்ஸ்பெக்டர் இரக்கமுள்ளவராகவே இருந்தாலும் யாரை வீட்டுக்கு அனுப்புவார்? நள்ளிரவில் சங்கிலியைப் பறிகொடுத்து அழுதுகொண்டு வரும் கிழவியிடம் அந்தக் காவலர் எரிந்து விழும்போது, நமக்குத் தெரிவது அவருடைய திமிர் மட்டும்தான். முப்பது மணி நேரமாகத் தூங்காத கண்களை நாம் பார்ப்பதில்லை.

காவலர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்றது 1861ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. அந்த எண்ணம் இன்னும் போகவில்லை. சங்கம் வைத்துக் கேட்கலாம் என்றால் 1966ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2014இல் நாடு தழுவி நடந்த ஓர் ஆய்வில், ஸ்டேஷன்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வது தெரியவந்தது. மாதத்தில் ஒரு வார ஓய்வுகூடக் கிடைக்கவில்லை என்றவர்கள் 70 சதவீதத்துக்கும் மேல்.

மும்பையில் வேறொரு வழியை முயன்று பார்த்தார்கள். தேவ்னார் ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு காவலர், இருக்கிற ஆட்களைக் கொண்டே எட்டு மணி நேர ஷிப்ட் நடத்தத் திட்டம் வகுத்துக்கொடுத்தார். கமிஷனர் தத்தா பட்சல்கிகர் அதைக் காதுகொடுத்துக் கேட்டார். 2016 மே மாதம் தேவ்னாரில் தொடங்கிய சோதனை, 2017 ஜனவரியில் நகரத்தின் எல்லா ஸ்டேஷன்களுக்கும் போனது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று: அங்கே வீட்டுக்குப் போகும் நேரத்தை யாரும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது அட்டவணையிலேயே இருந்தது.

மிகைநேர ஊதியத்தை நான் எதிர்க்கவில்லை. அது உழைப்புக்கு உரிய கூலி. ஆனால் மாற்று ஆள் போடுவதைவிடப் பணம் கொடுப்பது சுலபம் என்றாகிவிட்டால், ஓய்வு விலைபோய்விடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் துணையோடு நம் காவலர்களுக்கு நடத்தப்பட்ட நிறைவாழ்வுப் பயிற்சியும் நல்ல முயற்சிதான். அந்த வகுப்பில் உட்காரவும் ஒருவரை டியூட்டியிலிருந்து விடுவித்தாக வேண்டும்.

ஆகவே பணியிடங்களை அனுமதிக்கும்போதே ஓய்வுக்கான ஆளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆறு பேர் தினமும் தேவைப்படும் இடத்துக்கு ஏழு பேர். அடுத்த வாரம் யாருக்கு எந்த நாள் ஓய்வு என்ற பட்டியல் முந்தைய வார ரோல்காலிலேயே வாசிக்கப்பட வேண்டும். அதை மாற்றுகிற அதிகாரி, காரணத்தைத் தன் கையெழுத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

(தொடரும்)