பி.எஸ்சி. நர்சிங்: நான்கு ஆண்டில் என்னென்ன படிக்க வேண்டும்?

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. இந்தியாவில் இது 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட திருத்திய பாடத்திட்டத்தின்படி இப்போது எட்டு செமஸ்டர்களாக நடக்கிறது. முதல் ஏழு செமஸ்டர்களில் ஒவ்வொன்றுக்கும் 20 வாரம்; வாரத்துக்கு 40 மணி நேரம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீத மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் போதும். சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இத்தனை பாடங்கள் எதற்கு என்பதை ஒரு நோயாளியை முன்வைத்துப் பார்த்தால் விளங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் தொழிலாளி ஒருவர், முகத்தை மூடாமல், கையுறை இல்லாமல், எதிர்க்காற்றில் நின்று அடித்துவிட்டு மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்னமனூர், வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி வழியாகத் தேனியைத் தாண்டி, க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 வண்டி அவரைக் கொண்டுவருகிறது. அவரைக் கவனிக்கும் செவிலியருக்கு நான்கு ஆண்டுப் படிப்பும் கைகொடுக்க வேண்டும்.

முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், செவிலிய அடிப்படைகள், ஆங்கிலம் ஆகியவை வருகின்றன. வகுப்பும் தேர்வும் ஆங்கிலத்தில்தான் என்பதால், தமிழ்வழியில் படித்து வருபவர்கள் மொழிப் பாடத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாம் செமஸ்டரில் உயிர்வேதியியல், உணவூட்டவியல், கணினிசார் தகவல் நுட்பம், செவிலிய அடிப்படைகளின் தொடர்ச்சி. படுக்கை விரிப்பது, நாடி பிடிப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாவற்றையும் முதலில் பொம்மையின் மீது பழகிவிட்டுத்தான் வார்டுக்குள் போக வேண்டும். முதலுதவிக்கு மட்டும் 40 மணி நேரம். மருந்தில் நனைந்த சட்டையைக் கழற்றி, நோயாளியின் உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், அதற்கு முன் தன் கையில் கையுறை மாட்டிக்கொள்வதும் முதலாண்டுப் படிப்போடு சேர்ந்தவை.

இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியலும் தொற்றுத் தடுப்பும், மருந்தியல், நோய்க்குறியியல், மரபியல், தொழில் அறம் ஆகியவற்றோடு, பெரியவர்களுக்கான செவிலியம் இரு பகுதிகளாக வருகிறது. இதன் முதல் பகுதிக்கு வகுப்பில் 140 மணி நேரம், ஆய்வகத்தில் 40 மணி நேரம், வார்டில் 480 மணி நேரம். நேரக் கணக்கைப் பார்த்தாலே, இந்தப் படிப்பின் பளு எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

தோட்டத் தொழிலாளியின் உடம்பில் நடப்பதை இந்த ஆண்டுப் பாடங்கள்தான் விளக்குகின்றன. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. அதனால் நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. கண்ணின் பாப்பா ஊசிமுனையளவு சுருங்குகிறது; எச்சிலும் வியர்வையும் வழிகின்றன; மூச்சுக்குழலில் சளி கட்டுகிறது. மருத்துவர் அட்ரோபின் எழுதிக் கொடுக்கிறார். அதை ஏற்றி, சில நிமிடத்துக்கு ஒருமுறை நாடியை எண்ணி, நெஞ்சில் சளிச்சத்தம் அடங்குகிறதா என்று கேட்டு, சார்ட்டில் குறிப்பவர் செவிலியர். மருந்து போதாவிட்டால் மூச்சுத் திணறும். கூடிப்போனால் உடம்பு கொதிக்கும், பிதற்றல் வரும், நாடி பறக்கும். இரண்டையும் பிரித்தறிந்து மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டியவரும் அவரே.

மூன்றாம் ஆண்டில் குழந்தை நலம், மனநலம், சமூக நலம், மகப்பேறு ஆகிய செவிலியப் பாடங்கள் தொடங்குகின்றன. கற்பிக்கும் முறை, நிர்வாகம், தடயவியலும் சட்டமும் கூடவே வருகின்றன. அந்தத் தோட்டத் தொழிலாளியின் விஷயத்தில், விஷம் தற்செயலாக உடம்பில் சேர்ந்ததா, தானாகக் குடித்ததா என்பது ஆரம்பத்தில் தெரியாது. எனவே இந்தக் கேஸ் எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) என்று பதிவாகும். கழற்றிய உடை தடயம் என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஒருவேளை உயிரை விட முயன்றவர் என்றால், அவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

சமூக நலப் பாடம் மாணவிகளையும் மாணவர்களையும் மருத்துவமனைக்கு வெளியே, வீடு வீடாக அழைத்துச் செல்கிறது. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, தடுப்பூசிக் கணக்கு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இதில் அடங்கும். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று மருந்தடிக்கச் சொல்வதும் அங்கே செய்ய வேண்டிய வேலைதான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குப் போவது என்று திட்டமிடுவதும் படிப்பில் சேர்த்தி.

ஏழாம் செமஸ்டரில் சமூக நலம், மகப்பேறு ஆகியவற்றின் இரண்டாம் பகுதியும், ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் வருகின்றன. எட்டாம் செமஸ்டர் முழுக்கப் பயிற்சிப் பணி. பெரியவர்கள் வார்டில் 6 வாரம். குழந்தைகள், மனநலம், மகப்பேறு, சமூக நலம் ஒவ்வொன்றிலும் 4 வாரம். ஆக 22 வாரம். இங்கே வாரத்துக்கு 48 மணி நேரம் டியூட்டி.

எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக 50 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ஆங்கிலத்துக்கு 40 போதும். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். ஆனால் பட்டம் பெறுவதற்குள் வார்டுப் பயிற்சியில் 100 சதவீதத்தையும் முடித்தாக வேண்டும். விடுபட்ட நாளை ஈடுகட்டியே தீர வேண்டும். செய்து பழகிய ஒவ்வொன்றும் லாக் புக்கில் ஏறி, ஆசிரியரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நீரிழிவுப் பராமரிப்பு, தாய்ப்பாலூட்டல் போன்ற விருப்பப் பாடங்களில் மூன்றையாவது முடிக்க வேண்டும்.

பட்டம் கையில் வந்ததும், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தால்தான் பணிபுரிய முடியும். மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோ முடித்துப் பதிவு செய்தவர்கள் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படிப்பின் மூலம் இதே பட்ட நிலைக்கு வரலாம். மேற்கொண்டு படிக்க விரும்புகிறவர்களுக்கு எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டு.