போட்டுல ஓடுறது யாரோட எஞ்சின்?

போன பொங்கல் லீவுக்குப் பழவேற்காடு போயிருந்தேன். எங்க சித்தப்பாவுக்கு அங்க ஒரு ஃபைபர் போட்டு இருக்கு. ஒருநாள் விடியக்காலையில அவரோட கிளம்பிட்டேன். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எஞ்சின் ரெண்டு தடவை இருமிட்டு நின்னுபோச்சு. ஏரித் தண்ணி கடலைப் பார்த்து வடிஞ்சிட்டிருந்த நேரம். போட்டும் அதோடவே மெதுவா நகர ஆரம்பிச்சுது. நாலாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற நான் அப்போ என்ன செஞ்சேன்னா, பலகையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பாதான் கோலை ஊன்றி ஊன்றிக் கரை சேர்த்தார்.

எஞ்சினைப் பார்க்க வந்தவர் ஒரு ஷேர் ஆட்டோ மெக்கானிக். ஃபில்டரைக் கழட்டித் தண்ணியைக் கொட்டினார். இன்ஜெக்டர் பைப்போட நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணி, காத்து வெளியேறுற வரைக்கும் சுத்திவிட்டார். திரும்ப டைட் பண்ணினதும் எஞ்சின் பிடிச்சுக்கிச்சு. கால் மணி நேரம்கூட ஆகல.

"ஆட்டோ மெக்கானிக்குக்கு போட்டு எஞ்சின் எப்படித் தெரியும் சித்தப்பா?"

"டேய், இது ஆட்டோ எஞ்சின்தான்டா. காலேஜ்ல என்னதான் சொல்லித் தர்றாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நம்ம கடற்கரையில ஃபைபர் போட்டுகள்ல நிறையப் பார்க்கிற ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சின், லொம்பார்டினிங்கற இத்தாலிக் கம்பெனியோட வடிவமைப்பு. இந்தியாவுல அதை லைசென்ஸ் வாங்கித் தயாரிச்சது கிரீவ்ஸ். இதே குடும்பத்து எஞ்சின்தான் பல வருஷமா டீசல் மூணு சக்கர வண்டிகள்ல ஓடுச்சு. பியாஜியோ ஆப்பே தெரியும்ல, டகடகன்னு ஊரையே எழுப்பும், அதுல இருந்தது கிரீவ்ஸ் எஞ்சின். சிசி, குதிரைத்திறன் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். ஆனா ரத்தம் ஒன்னு.

இன்னொரு சொந்தக்காரனும் இருக்கான். பழவேற்காட்டுல இருந்து சென்னைக்கு வர்ற வழியில திருவொற்றியூர். அங்க இருக்கிற என்ஃபீல்டு தொழிற்சாலையில இருந்துதான் ஒரு காலத்துல டீசல் புல்லட் வந்துச்சு, பேரு டாரஸ். அதுக்குள்ள இருந்தது 325 சிசி கிரீவ்ஸ் லொம்பார்டினி எஞ்சின். வெறும் 6.5 குதிரைத்திறன். பெட்ரோல் புல்லட் 350-க்கு சுமார் 18. அதாவது மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல. மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டவே யோசிக்கும். ஆனா லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல கொடுக்கும், அதுவும் பெட்ரோலைவிட ரொம்ப மலிவா டீசல் கிடைச்ச காலத்துல. வாங்கினவங்க யாரும் ரேஸ் ஓட்ட வாங்கல. மாசு விதிகள் இறுகினதும் அந்த வண்டி நின்னுபோச்சு.

ஒருத்தர் பாடி, இன்னொருத்தர் எஞ்சின். இது ஏதோ ஏழை நாட்டு ஒட்டுவேலைன்னு நினைக்காதீங்க மக்களே. கார் கம்பெனிகளோட சொர்க்கமா இருந்த அமெரிக்காவுலயே இது சகஜம். பழைய நியூயார்க் படங்கள்ல ஒரு தடிமனான மஞ்சள் டாக்சி வருமே, அது செக்கர். அந்தக் கம்பெனி எஞ்சின் செஞ்சதே இல்ல. முன்னாடி கான்டினென்டல்னு ஒரு எஞ்சின் கம்பெனிகிட்ட வாங்கினாங்க. 1965 மாடல்ல இருந்து செவ்ரோலே எஞ்சின். 1982-ல கார் தயாரிப்பை நிறுத்துற வரைக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களை நம்பித்தான் ஓடினாங்க. டாக்சி முதலாளி பக்கத்துல இருந்து பாருங்க: வண்டி ஒருநாள் நின்னா ஒருநாள் வருமானம் போச்சு. செவ்ரோலே பார்ட்ஸ் எந்த ஊர்லயும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரிச்சு மாட்டுவார். சித்தப்பாவோட கணக்கும் அச்சு அசல் இதேதான்.

எல்லா ஜோடியும் பொருந்திடாது. 1985-ல நம்ம சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, ஸ்டாண்டர்டு 2000-ன்னு ஒரு கார் விட்டுச்சு. பாடி பிரிட்டனோட ரோவர் எஸ்டி1. அங்க அந்தக் காருக்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின்கூட உண்டு. இங்க உள்ள வெச்சது பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து 2 லிட்டர் எஞ்சினோட வாரிசு. பார்க்க ராஜா, ஓட்டினா மாட்டுவண்டி. சில வருஷத்துலயே கதை முடிஞ்சுது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோட கான்டெசாவும் ஆரம்பத்துல இதே நிலைமைதான்: வோக்ஸ்ஹால் விக்டரோட பெரிய உடம்புல அம்பாசடரோட 1,489 சிசி எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். பின்னாடி ஜப்பானோட இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகுதான் அந்தக் காருக்கு உயிரே வந்துச்சு. அதே இசுசு எஞ்சின் 1992-ல அம்பாசடருக்குள்ளயும் போச்சு.

சரி, அப்போ ஆட்டோ எஞ்சின் போட்டுக்கு எப்படிப் பொருந்துது? எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி.

ஆட்டோவுல கியர் இருக்கு. மேட்டுல ஏறணும்னா கியரைக் குறைச்சா போதும். லாங் டெயில் போட்டுல கியர்பாக்ஸ் கிடையாது. எஞ்சின் போட்டோட பின்பக்கம் ஒரு முளை மேல உட்கார்ந்திருக்கும். அதுல இருந்து நீளமான ஷாஃப்ட் தண்ணிக்குள்ள சாய்வா இறங்கும், நுனியில ப்ரொப்பெல்லர். பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்து நாட்டுலயே பெரிய உவர்நீர் ஏரி. ஆனா ஆழம்னு பார்த்தா பல இடத்துல இடுப்பளவுகூட இல்ல. மணல்திட்டு வந்தா எஞ்சினோட கைப்பிடியை அழுத்துவாங்க, ஷாஃப்ட் மேல எழும்பிடும். போட்டுக்கு அடியில நிலையா ப்ரொப்பெல்லர் வெச்சிருந்தா இந்த ஏரியில தினமும் ஒன்னு உடையும்.

கியர் இல்லாததால ப்ரொப்பெல்லர்தான் கியர். ப்ரொப்பெல்லருக்குத் தேவைப்படுற பவர், சுழற்சி வேகத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி உயரும். அதாவது வேகம் ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு. பிட்ச் பெரிசா இருக்கிற ப்ரொப்பெல்லரை மாட்டினா எஞ்சின் தன் முழு வேகத்தை எட்டவே முடியாது, மூச்சு முட்டிக் கரும்புகை தள்ளும். சின்னதா மாட்டினா எஞ்சின் கத்தும், போட்டு நகராது. முழு த்ராட்டில்ல எஞ்சின் தன்னோட குறிச்ச வேகத்தைச் சரியா தொடணும். அதுதான் பொருத்தம்.

இதே கணக்குல இன்னொரு லாபமும் இருக்கு. வேகத்தை 80 சதவீதமா குறைச்சா, 0.8-ஐ மூணு தடவை பெருக்குங்க, 0.512. அதாவது பாதி பவர் போதும். "கடைசிக் கால்வாசி வேகத்துக்குத்தான் பாதி டீசல் போகுது"ன்னு சித்தப்பா ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தார். நான் இதை மூணாவது செமஸ்டர்ல ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணி, பரீட்சை எழுதி, மறந்துட்டேன்.

அடுத்தது குளிரூட்டல். இந்த எஞ்சின் காத்துலயே ஆறுற எஞ்சின். ஃப்ளைவீல்லயே விசிறி, சிலிண்டரைச் சுத்தித் தகடுகள். ரேடியேட்டரும் வேண்டாம், உப்புத் தண்ணியை எஞ்சினுக்குள்ள சுத்தவிட்டுத் துருப்பிடிக்க வைக்கவும் வேண்டாம். ஆனா உப்புக்காத்து வெளியில இருந்து தின்னும். அதுக்குப் பயந்து சிலர் ஓடும்போதே தார்ப்பாயைச் சுத்திடுறாங்க. காத்து போற வழி அடைஞ்சா தகடு எதுக்கு? எஞ்சின் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆயிடும். போட்டுக்குள்ள காதுல விழுற சத்தமும் காத்துக் குளிரூட்டலோட விலைதான். தண்ணி ஜாக்கெட் இருந்தா அது சத்தத்தையும் கொஞ்சம் அமுக்கும். இங்க அது இல்ல. எங்க சித்தப்பா வீட்டுலயும் கத்தித்தான் பேசுவார்.

இப்போ எனக்கு இருக்கிற கவலை வேற. ஸ்டுட்பேக்கர்னு ஒரு பழைய அமெரிக்கக் கம்பெனி 1963 டிசம்பர்ல சவுத் பெண்டுல இருந்த தன் பெரிய ஆலையை மூடிட்டு, கனடாவுல மட்டும் கார் செஞ்சுது. சொந்த எஞ்சினும் அதோட போச்சு. 1965 மாடல்ல இருந்து ஜெனரல் மோட்டார்ஸோட கனடா கிளையில செஞ்ச எஞ்சினை வாங்கி வெச்சாங்க. 1966 மார்ச்ல காரே நின்னுபோச்சு, அந்த எஞ்சின் குடும்பம் மட்டும் செவ்ரோலேக்குள்ள நல்லா வாழ்ந்துச்சு. நம்ம போட்டுக்கு இது தலைகீழா நடக்கும்போல இருக்கு. போட்டு இருக்கும், மீன் பிடிக்கிறவங்க இருப்பாங்க, ஆனா எஞ்சினை லட்சக்கணக்குல வாங்கி விலையைக் குறைச்சு வெச்சிருந்த ஆட்டோ சந்தை நகர்ந்துட்டிருக்கு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தாச்சு. பழைய மெக்கானிக்கல் பம்ப்பை மட்டும் வெச்சுக்கிட்டு அந்த அளவுக்குப் புகையைக் குறைக்கிறது ரொம்பக் கஷ்டம். மூணு சக்கரத்துல எலக்ட்ரிக்கும் வேகமா ஏறுது. ஆட்டோ மெக்கானிக் கையில ஸ்பேனருக்குப் பதிலா லேப்டாப் வந்துட்டா, முகத்துவாரத்துல நின்ன எஞ்சினை யார் பார்ப்பாங்க?

கிளம்புற அன்னைக்கு இதை சித்தப்பாகிட்ட கேட்டேன். பதில் பேசாம உள்ள போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துட்டு வந்து திறந்து காட்டினார். ரெண்டு நாசில், ஒரு செட் பிஸ்டன் ரிங், நாலு ஃபில்டர், கிரீஸ் பேப்பர்ல சுத்தி அடுக்கி வெச்சிருந்தார்.

"அஞ்சு வருஷத்துக்கு வரும். அதுக்குள்ள நீ ஏதாவது கண்டுபிடி"ன்னார்.