வரம் ஏன் கைமீறிப் போகிறது?

நடராசர் வடிவத்தில் நான்கு பொருள்கள் நம் கண்ணில் படும்: இடையில் புலித்தோல், மேனியில் பாம்பு, இடக்கையில் நெருப்பு, காலடியில் முயலகன். புராணத்தின்படி இவை அணிகலன்களாகப் பிறந்தவை அல்ல. தாருகாவனத்து முனிவர்கள் சிவனைக் கொல்வதற்காக வேள்வித் தீயிலிருந்து எழுப்பி ஏவியவை. ஏவியவர் சொல்லுக்குக் கட்டுப்படாமல், யார்மீது ஏவப்பட்டனவோ அவரிடமே தங்கிவிட்டவை. கதையில் வரும் ஒருவரின் மந்திர சக்தி ஏன் அவர் கையை மீறிப் போகிறது என்ற கேள்வி குழந்தைகளின் திரைப்படங்களிலிருந்து பெரியவர்களின் நாவல்கள்வரை இன்று எங்கும் எழுகிறது. நடராசர் ஆடும் தில்லையாகிய சிதம்பரத்தின் கதைகள் அதற்கு வைத்திருக்கும் விடை, உலகில் பரவலாக வழங்கும் விடைகளைவிட ஆழமானது. சக்தி கைமீறுவது அதன் அளவால் அல்ல, அதை ஏவும் நோக்கம் எல்லை தாண்டுவதால்தான் என்பதே அந்த விடை.

பரவலான விடைகள் இரண்டு. ஒன்று, அரைகுறைக் கல்வி. ஜெர்மானியக் கவிஞர் கதே 1797-இல் எழுதிய மந்திரவாதிச் சீடனின் கதை இதற்குப் பேர்போன உதாரணம். குரு இல்லாத நேரத்தில் சீடன் ஒரு துடைப்பத்துக்கு உயிர்கொடுத்துத் தண்ணீர் சுமக்க வைக்கிறான். அதை நிறுத்தும் சொல் அவனுக்கு நினைவில் இல்லை, வீடு வெள்ளக்காடாகிறது. மற்றொன்று, அடக்கிவைத்த உணர்ச்சி. 2013-இல் வெளிவந்த 'ஃப்ரோசன்' படத்தில் எல்சா அஞ்ச அஞ்ச அவளைச் சுற்றிப் பனி பரவுகிறது. நம் மணிமேகலைக் காப்பியத்திலும் இதற்கு உறவான ஒரு காட்சி உண்டு. முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசிக்கு ஆளான வித்தியாதரப் பெண் காயசண்டிகை, வான்வழி செல்லும் மந்திரத்தை மறந்துபோகிறாள். உடல் படும் வேதனை கற்ற வித்தையை அழித்துவிடுகிறது. இந்த விடைகள் பொய் அல்ல. ஆனால் நன்றாகப் படித்துவிட்டால் போதும், மனம் தேறிவிட்டால் போதும், சக்தி அடங்கிவிடும் என்ற எண்ணத்தை இவை நமக்குத் தந்துவிடுகின்றன. தாருகாவனக் கதை மறுப்பது இந்த எண்ணத்தைத்தான்.

அந்த முனிவர்கள் அரைகுறையாகப் படித்தவர்கள் அல்லர், வேள்வி நுட்பத்தைக் கரை கண்டவர்கள். செய்த கருமமே பலன் தந்துவிடும், பலன் தர இறைவன் ஒருவன் தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. சிவன் பிட்சாடனராகவும் திருமால் மோகினியாகவும் அந்தக் காட்டுக்குள் வந்தபோது முனிவர்களும் மயங்கினர், அவர்களின் மனைவியரும் மயங்கினர். மயக்கம் தெளிந்ததும் மிஞ்சியது, அடிபட்ட மானம். அந்த ஆத்திரத்தில் அழிவுக்கான அபிசார வேள்வியைத் தொடங்கினார்கள். நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. வேள்வியில் எந்தப் பிழையும் நேரவில்லை. அழைத்த புலி வந்தது, பாம்பு வந்தது, முயலகன் வந்தான். வித்தை பலித்தது, ஆனால் வசப்படவில்லை. காக்கவும் வாழ்விக்கவும் வளர்க்கப்பட்ட தீயைத் தங்கள் மானத்துக்குப் பழிவாங்கும் கருவியாக மாற்றிய கணத்தில், ஏவுபவர் இடத்தில் முனிவர்கள் இல்லை, அவர்களின் கோபம்தான் இருந்தது. தன் மனமே தன் பிடியில் இல்லாதவனிடம் வேறு எது நிற்கும்? 14-ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவம், தாம் இயற்றிய கோயிற்புராணத்தில் தில்லைக் கூத்தின் பின்னணியாகச் சொல்வது இந்தக் கதையைத்தான். ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் பிட்சாடனர் வீதியுலா வரும்போது சிதம்பரத்தின் தெருக்கள் இன்றும் அதை நினைவுகொள்கின்றன.

எதிரில் நின்றவர் சிவன், பெரிய சக்தியிடம் சிறிய சக்தி தோற்றது, இதில் வேறென்ன பொருள் என்று கேட்கலாம். பஸ்மாசுரன் கதை இதற்குப் பதில் சொல்லும். யார் தலையில் கை வைத்தாலும் அவர் சாம்பலாக வேண்டும் என்று வரம் வாங்கியவன், அதைத் தந்தவர் தலையிலேயே சோதிக்கத் துரத்தினான். அவனை எந்தப் பெரிய சக்தியும் மோதி வீழ்த்தவில்லை. மோகினியின் ஆட்டத்தைப் பார்த்து ஆடிய அவன் கையே அவன் தலைக்குப் போயிற்று. இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. நல்ல நோக்கத்தோடு ஏவிய சக்தியும் தீமையில் முடிவதில்லையா? முடிவதுண்டு. தன்னை விரும்பித் தொடர்ந்த இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, மணிமேகலை மந்திரத்தால் காயசண்டிகையின் உருவம் கொள்கிறாள். பன்னிரண்டு ஆண்டுச் சாபம் முடிந்து மனைவியைத் தேடி வந்த காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே நம்பி, அவளை நாடி வந்த இளவரசனை வெட்டி வீழ்த்துகிறான். மணிமேகலையின் நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் அவள் எடுத்தது வேறொருத்தியின் உருவம். அந்த வாழ்வின் உறவும் காத்திருப்பும் அந்த உருவத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தன. அதே மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபிப் பாத்திரமோ கடைசிவரை தவறியதே இல்லை. பசித்தவருக்குச் சோறு என்ற ஒரே வேலை அதற்கு. நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதற்கு எல்லையும் வேண்டும்.

எல்லை அறிந்து கேட்ட வரத்துக்குத் தில்லையே சான்று. வண்டு மொய்க்கும் முன் பூப்பறிக்க வேண்டும் என்பதற்காக, இருளில் தெரியும் கண்ணையும் மரமேற உதவும் புலிக்காலையும் வேண்டிப் பெற்றவர் வியாக்கிரபாதர். புலியின் நகத்தைப் பெற்றும் அவர் யாரையும் கீறவில்லை. சிதம்பரத்தின் பெரும்பற்றப்புலியூர் என்ற பெயரில் இன்றும் அவர் இருக்கிறார். மறுபக்கம், எல்லை மீறிய சினத்துக்கு ஊர் எல்லையிலேயே ஒரு கோயில் உண்டு. சிவனோடு ஆடிய நடனப் போட்டியில் தோற்று உக்கிரம் கொண்ட காளியைப் பிரமன் துதித்துத் தணித்தான் என்கிறது தலபுராணம். 13-ஆம் நூற்றாண்டில் கோப்பெருஞ்சிங்கன் எழுப்பியதாகக் கருதப்படும் தில்லைக்காளி கோயிலில் உக்கிர வடிவும் நான்முகம் கொண்ட சாந்த வடிவும் தனித்தனியே வணங்கப்படுகின்றன. முயலகனும் கொல்லப்படவில்லை, காலடியில் தலைதூக்கியபடி கிடக்கிறான். மீறிய சக்தியை அழிக்க வேண்டியதில்லை, அதற்குரிய இடத்தில் நிறுத்தினால் போதும் என்பதே இந்தக் கதைகளின் தீர்ப்பு.

இத்தனை தத்துவம் எதற்கு, மிகுந்த பலம் கொண்ட நாயகனுக்கு ஆபத்து வராவிட்டால் கதை நகராது, அதனால்தான் எழுத்தாளர் சக்தியைக் கைமீற விடுகிறார் என்போரும் உண்டு. கதைக்கு அந்தத் தேவை இருப்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேவையே போதுமென்றால் எல்லாக் கைமீறலையும் நாம் நம்ப வேண்டும். நாம் நம்புவதில்லை. தேவைப்படும்போது மட்டும் மந்திரம் பிசகினால் வாசகர் எரிச்சலடைகிறார். முனிவர்களின் ஆத்திரத்தையும் பஸ்மாசுரனின் அவசரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட்டவர், பின்வரும் அழிவை ஏற்றுக்கொள்கிறார். அந்த அழிவு வெளியிலிருந்து வந்து விழுவதில்லை, பாத்திரத்தின் குணத்திலிருந்தே விளைகிறது.

ஆகவே மாயக்கதை எழுதுவோருக்கும் அவற்றைக் குழந்தைகளுக்குச் சொல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். நாயகனுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். அதை எதற்காகக் கேட்டான், எந்த இடத்தில் அந்த நோக்கத்தை மறந்தான் என்று சொல்லுங்கள். கடலூர் மாவட்டத்து வடலூரில், 1867-இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு பசித்தவர்களுக்காக இன்றும் அணையாமல் எரிகிறது. தாருகாவனத்தில் எரிந்ததும் தீதான். எரிய வைத்தவர்களின் நோக்கம்தான் வேறு. எல்சாவையும் ஹாரி பாட்டரையும் அறிந்த நம் பிள்ளைகள் இந்த வேறுபாட்டையும் அறிந்து வளர வேண்டும்.